எல்எம்எஸ் சான்றிதழோடு பொஸ்டன் போனவர்



போன கிழமை ஒரு உம்மா மகனின் உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு வந்து காட்டினார். மூன்று பாடமும் எஸ். "டொக்டர் ஆகோணும் எண்டு இருந்தான் சேர். இனி மாமாட கடைக்குத்தான்" என்றார். மகன் வாசலுக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை. அவனுக்காக எழுதத் தொடங்கியது இது. ஊரில் இன்னும் பல வீடுகளில் இதே கதை என்பதால் பொதுவில் போடுகிறேன்.

எல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகும் திட்டம்! (வியாபாரப் புத்தி நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.) உம்மா பிடித்து வந்து மறுபடி பள்ளிக்கு அனுப்பினார். நகையை விற்றுப் படிப்பித்தார். அப்படியும் மெட்ரிகுலேஷனை மூன்றாம் தடவையில்தான் பாஸ் பண்ணினார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு, சத்திரசிகிச்சைக்குப் போடும் அங்கியையும் கதரில் போட்டார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாகச் செய்தும் எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்எம்எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது. அரச மருத்துவ சேவைக்கும் போக முடியவில்லை. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் படிப்பித்தார். அதற்குள் ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்கு எட்டு நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களை இழந்திருந்தார். அந்த நோய் அவரையும் படுக்கையில் போட்டது.

1922இல் பொஸ்டன் போய் இறங்கினார். மாமனாரின் உதவியோடு, காக்கிநாடாவில் சத்தியலிங்க நாயக்கர் என்ற வணிகர் விட்டுப்போன அறக்கட்டளையும் கைகொடுத்தது. நம்ம ஊர்த் தனவந்தர்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கலாம். ஹார்வர்டில் படித்துக்கொண்டே, இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை செய்தார். 1925இல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பொஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உயர்தர உயிரியல் பிள்ளைகள் பாடமாக்கும் ஏடிபி இருக்கிறதே, தசையில் அதைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. 1930இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. ஹார்வர்டில் நிரந்தரப் பதவி மட்டும் கிடைக்கவே இல்லை. 1940இல் லெடர்லே மருந்துக் கம்பனிக்குப் போய்விட்டார்.

1945இல் அங்கே அவருடைய குழு ஃபோலிக் அசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. நம்ம கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் அதே குளிசைதான். ஸ்ப்ரூவுக்கும் அதுவே மருந்தாயிற்று. தன் சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு அவர் மருந்து செய்தபோது, அவர்கள் மௌத்தாகி இருபது வருடம் தாண்டியிருந்தது.

புற்றுநோய்க் கதை இங்கேதான் வருகிறது. பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டொக்டர், இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஃபோலிக் அசிட் வகை மருந்தைக் கொடுத்தபோது நோய் வேகம் கூடுவதாகக் கண்டார். கலம் பெருக ஃபோலிக் அசிட் தேவை, புற்றுக்கலமும் அப்படித்தான். அப்படியென்றால் அதே உருவத்தில் ஒரு போலியைக் கொடுத்துக் கலத்தை ஏமாற்றினால் என்ன? சுப்பாராவின் குழு செய்த அமினோப்டெரின் அந்தப் போலி. 1948இல் ஃபார்பர் வெளியிட்ட கணக்கின்படி, 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதற்கு முன் அந்த நோய்க்கு அப்படிக் கேட்ட மருந்தே இருக்கவில்லை. அதன் உடன்பிறப்பான மெதொட்ரெக்சேட், பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் பாவனையில் இருக்கிறது. பிள்ளையோடு மஹரகமவுக்கு அலைந்த பெற்றோருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டிஈசி குளிசையும் அவருடைய குழுவிலிருந்து வந்தது. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம், யானைக்கால் நோய் இலங்கையில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று அறிவித்ததே, அதற்குப் பின்னாலும் இந்தக் குளிசை இருக்கிறது.

ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதத்தில், 1948 ஓகஸ்டில், சுப்பாராவ் 53 வயதில் காலமானார். 1922க்குப் பிறகு ஊர் திரும்பவே இல்லை. மனைவியை மறுபடி காணவில்லை, பிறந்து சில மாதத்தில் இறந்த மகனைக் கண்ணால் கண்டதும் இல்லை. இந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. பெரிய மனிதர் என்பதற்காக அதை மறைத்து எழுதவும் மனமில்லை.

அந்த உம்மாவிடம், மகனை ஒரு வருடம் கடையில் நிறுத்தினாலும் இரண்டாம் தடவைக்கு விண்ணப்பத்தைப் போட்டு விடுங்கள் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைப்பக்கம் போய் அவனையும் பார்க்க வேண்டும்.