பாசி வளர்த்த பெண்களும் வங்கிக் கடனும் - ஒரு சிறு வரலாறு

கடலையே நம்பி வாழும் ஒரு சிறு தொழிலுக்கு வங்கி எப்போது பணம் கொடுக்கும்? இராமநாதபுரம் கடற்கரையில் இந்தக் கேள்விக்குப் பதிலாகவே ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மன்னார் வளைகுடாப் பகுதியில் மீனவப் பெண்கள் பல தலைமுறைகளாகக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை போன்றவற்றைப் பறித்து வியாபாரிகளிடம் விற்று வந்தார்கள். 1986-ல் அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா ஆயின. தீவுப் பக்கம் போவதே சிக்கலானது. இன்று எவ்வளவு பாசி கிடைக்கும், நாளை போக முடியுமா என்று சொல்ல முடியாத தொழிலுக்கு எந்த வங்கி கடன் தரும்?

மாற்றம் மண்டபத்தில் தொடங்கியது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அங்கே கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்த்துப் பார்த்தது. 2000-க்குப் பிறகு அந்தத் தொழில்நுட்பத்தைப் பெப்சி நிறுவனம் உரிமம் பெற்று எடுத்துக் கொண்டது. மக்கள் அதைப் "பெப்சி பாசி" என்றே அழைத்தார்கள்.

இங்கேதான் கணக்கு பிறந்தது. ஒரு மூங்கில் மிதவையில் 60 கிலோ நாற்றைக் கட்டினால் 45 நாளில் அது ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒருவருக்கு 45 மிதவைகள். தினம் ஒன்றாக அறுவடை செய்தால் தினமும் வருமானம்! விளைந்ததை வாங்க நிறுவனம் தயார். பெண்கள் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றார்கள். அளவு, வாங்குபவர், பொறுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததும் பாரத ஸ்டேட் வங்கி கடன் கொடுத்தது. 2001-ல் 21 டன்னாக இருந்த காய்ந்த பாசி விளைச்சல், 2012-13-ல் 1,500 டன்னை நெருங்கியது. இதற்கிடையே 2008-ல் தொழில் பெப்சியிடமிருந்து அக்வாஅக்ரி நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது.

ஆனால் கணக்கில் வராத இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, கடலின் நலம். 2005-லேயே தமிழக அரசு இந்தப் பாசியை எங்கே வளர்க்கலாம் என்று எல்லை வகுத்தது. 2008-ல் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மீது அது படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். இரண்டாவது, நாற்று. ஒரே செடியை வெட்டி வெட்டி ஆண்டாண்டாக நட்டதால் அது வலுவிழந்தது. கடல்நீரும் சூடேற, 2013-14-ல் பாசி கூட்டம் கூட்டமாக அழிந்தது. மறுபடி கட்ட நாற்றே தட்டுப்பாடாகிவிட்டது. பாசி அழுகினாலும் கடன் அழுகாதே!

இப்போது திருவாடானை தாலுகாவுக்கு வருவோம். தொண்டி அருகே வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாற்று வங்கி, ஆய்வுக்கூடம், சிறு தொழில் முனைவோருக்கு வழிகாட்டுதல் ஆகியவை திட்டத்தில் சொல்லப்பட்டுள்ளன.

என் பார்வையில் இவற்றில் முதலில் வர வேண்டியது நாற்று வங்கிதான். கடன் வாங்கத் தகுதி பெறுவது என்றால் விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொள்வது மட்டும் இல்லை. ஒரு பருவம் பொய்த்தாலும் அடுத்த பருவம் எழுந்து நிற்க வழி இருக்க வேண்டும். பெண்கள் 2000-களிலேயே தங்கள் பங்கைச் சரியாகச் செய்து காட்டிவிட்டார்கள். மீதியை மற்றவர்கள்தான் செய்ய வேண்டும்.