முற்றுகைக்குள் யார் ‘நாம்’?

விடிகாலையில் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்து, பொழுது சாய இறங்குகிற சனத்தில் நம்மாட்கள் நிறைய. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது இடுக்கித் தோட்டங்களில் தமிழ்க் கூலிகளை விரட்டினார்கள். பிள்ளைகுட்டிகளோடு காட்டுப்பாதையில் தப்பி இறங்கியவர்களைக் கீழே எல்லாரும் ‘தமிழர்’ என்றார்கள். 1989 செப்டம்பரில் இதே போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம். தலித்துகள் கொல்லப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன. அன்றைக்கு அந்தச் சனத்துக்குத் ‘தமிழர்’ என்ற பேர் இல்லை. சேரி என்ற பேர்தான்.

இந்த இரண்டு அனுபவத்தையும் மடியில் வைத்துக்கொண்டுதான் ஈழத்துப் போர்க்கதைகளை நாம் படிக்கவேண்டியிருக்கிறது.

1990இல் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்தின் மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. மின்சாரம் இல்லை, பெட்ரோல் இல்லை. ஜாம் போத்தலில் விளக்கு எரிந்தது. சைக்கிள் டைனமோவில் ரேடியோ பேசியது. இல்லாமையைச் சமாளித்த அந்தக் கெட்டிக்காரத்தனம் ஓர் இனத்தின் குணமாகவே எழுத்தில் ஏறியது. தாங்கினோம், அதனால் நாம் ஒரு தேசம் என்று. அதில் பொய் இல்லை. ஆனால் அதே 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். வெளியே முற்றுகை, உள்ளே வேலி.

வேலி அதற்கும் முந்தியது. தேநீர்க்கடைக்கும் கோயிலுக்கும் போராடிய யாழ்ப்பாணத்துத் தலித்துகளைக் கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலில் எழுதிவைத்தார். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வில் (2001) ஊர்ச் சண்டியரான அப்பனின் பட்டப்பேர் மகன் ரொக்கிராஜையும் துரத்துகிறது. இயக்கத்துக்குப் போனாலும் அது விடுவதில்லை. அந்த இயக்கமே பிறகு அவனை வதைக்கிறது. போர் மனிதனைப் புதிதாக வார்த்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த நாவல் உடைக்கிறது. பாத்திரம் அங்கேதான் உயிர்பெறுகிறது: இனம் கொடுத்த பேருக்கும் ஊர் கொடுத்த பேருக்கும் நடுவில்.

தோழர்களே, போடிமெட்டின் கதையையும் ஒருநாள் நம்மில் ஒருவர் எழுதத்தான் போகிறோம். 2011ஐ மட்டும் எழுதினால் அது தமிழர் கதை. 1989ஐ மட்டும் எழுதினால் சேரிக் கதை. இரண்டையும் ஒரே பொம்பளையின் தலையில் ஏற்றி எழுதணும். மலையிலிருந்து தப்பி வந்தவள் அன்று ராத்திரி கீழே எந்தத் தெருவில் போய்ப் படுத்தாள்? அதைக் கேட்காத தேசியம் நமக்கு எதற்கு?