புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிள் இயக்கம்

புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிள் இயக்கம், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக நடந்தது. சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்து வயதுக்குக் குறைந்த சிறுமிகளை நீக்கிப் பார்த்தால் இது மாவட்டத்தின் கிராமத்துப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் கணக்கிட்டார். அவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். வயது வந்தவர்கள் இத்தனை பேர், இவ்வளவு குறுகிய காலத்தில், ஒரே மாவட்டத்தில் சைக்கிள் பழகியதற்கு ஈடாக இந்தியாவில் வேறொன்றைச் சொல்வது கடினம்.

நிலமும் தூரமும்

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர், திருமயம் வழியாகப் புதுக்கோட்டை செல்லும் சாலை நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடையது. வழியெங்கும் ஏறத்தாழ ஒரே நிலம்தான்: வானம் பார்த்த புஞ்சை, கண்மாய்கள், இடையிடையே கரட்டுப் பாறைகள், கல் குவாரிகள். ஏற்ற இறக்கம் குறைவு. கியர் இல்லாத, கனமான இந்திய சைக்கிளை மிதிப்பதற்கு இதைவிட வசதியான நிலம் வேண்டியதில்லை; வெயிலை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதுக்கோட்டை 1948 வரை தொண்டைமான்களின் தனி சமஸ்தானம். இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1974 ஜனவரியில் தனி மாவட்டமானது. ஆறு பாயும் டெல்டாவைப்போல நெருக்கமாக ஊர்கள் அமைந்த பகுதி அல்ல இது. கண்மாயை ஒட்டி ஓர் ஊர், மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி அடுத்தது என்பதே பொதுவான அமைப்பு. பேருந்துச் சாலை ஊருக்கு வெளியே போகும். பள்ளி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், சந்தை ஆகியவை வேறு வேறு ஊர்களில் இருக்கும். நான்கு கிலோமீட்டரை நடந்து கடக்க ஐம்பது நிமிடம் ஆகும்; நிதானமாக மிதித்தால் இருபது நிமிடம் போதும். நாளில் இரண்டு மூன்று முறை போய்வர வேண்டியவருக்கு அந்த வேறுபாடு இரண்டு மூன்று மணி நேரம்.

சைக்கிள் அந்தக் கிராமங்களுக்குப் புதிது அல்ல. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டபின் ஹெர்குலஸ் முதலிய வண்டிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவின. பால்காரர், தபால்காரர், ஐஸ் விற்பவர், வாத்தியார் எல்லாரும் சைக்கிளில்தான் வந்தார்கள். வீட்டில் சைக்கிள் இருந்தது. அது வீட்டு ஆணுடைய வண்டியாக இருந்தது.

குரங்கு பெடல்

ஆண் பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதிலேயே வாடகை சைக்கிளில் பழகிவிடுவார்கள். பெரிய வண்டியின் சீட்டில் உட்காரக் கால் எட்டாது. குறுக்கு பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பைச் சாய்த்து, நின்றபடியே மிதிப்பார்கள். இதற்குக் குரங்கு பெடல் என்று பெயர். இந்தப் பெயரிலேயே 2024இல் ஒரு தமிழ்ப்படமும் வந்தது. முழங்கால் சிராய்ப்பு ஒன்றும் பெரிய செய்தி அல்ல, விழுவது விளையாட்டின் பகுதி. சிறுமிகளில் சிலர் இப்படிப் பழகியிருந்தாலும் வயதுக்கு வந்ததும் அது நின்றுவிடும். ஆகவே முப்பது வயதுப் பெண் சைக்கிள் பழக வந்தால், அவளுக்குக் குரங்கு பெடல் காலம் என்ற ஒன்றே கிடையாது. நேரே பெரிய வண்டியில், பெரிய உடம்போடு, ஊர் பார்க்க விழ வேண்டும்.

சமநிலையைக் கற்பது என்பது உடலின் இயல்பான பயத்துக்கு எதிரானதைச் செய்யக் கற்பதுதான். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹாண்டில் பாரைச் சற்றுத் திருப்ப வேண்டும். பயந்தவர் எதிர்ப்பக்கம் திருப்பி விழுவார். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் ஓரளவு வேகம் இருந்தால்தான் வண்டி நிற்காமல் நிலைக்கும். சிறுவர்கள் இதை யோசிக்காமல் பிடித்துக்கொள்கிறார்கள். வயது வந்தவர் யோசித்து, இறுகி, விழுகிறார். போதாததற்குச் சேலை. முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தைத் தூக்கிக் கட்டாவிட்டால் செயினில் சிக்கும்.

வயதானபின் கற்பது உலகில் முன்பு வழக்கமாகவே இருந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும் செயினும் கொண்ட 'ரோவர்' வண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் உருவாக்கினார்; 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் வாங்கியவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கற்ற பெரியவர்கள்தாம். அமெரிக்க மதுவிலக்கு இயக்கத் தலைவி பிரான்சஸ் வில்லார்டு 53 வயதில் பழகி, அந்த அனுபவத்தை 1895இல் சிறு நூலாகவே எழுதினார். டால்ஸ்டாய் கற்றபோது வயது 67. ஆனால் அவர்களுக்குப் பயிற்சிக் கூடமும் ஓய்வும் சொந்த வண்டியும் இருந்தன. புதுக்கோட்டையின் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு இம்மூன்றும் இல்லை.

அறிவொளியும் சைக்கிளும்

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும் அதே முறை மற்ற மாநிலங்களுக்குப் பரவியது: சம்பளமில்லாத் தொண்டர்கள், ஊர்தோறும் மாலை வகுப்பு, கலைக்குழுக்கள், மாவட்ட ஆட்சியரின் நேரடி ஈடுபாடு. 1991 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆண்களில் 73.75 விழுக்காட்டினரும் பெண்களில் 51.33 விழுக்காட்டினரும் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். ஆகவே அறிவொளி வகுப்புக்கு வந்தவர்களில் பெண்களே மிகுதி. புதுக்கோட்டையில் இயக்கம் 1991இல் தொடங்கியது.

பெண்கள் படிக்கும் வகுப்பைக் கவனிக்கப் பெண் தொண்டர்கள் வேண்டும். வகுப்போ வேலை முடிந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகு இரவில்தான் நடக்கும். அந்நேரம் பேருந்து கிடையாது. ஓர் ஒருங்கிணைப்பாளர் நான்கைந்து ஊர் மையங்களைப் பார்த்துவர வேண்டுமென்றால், யாராவது ஓர் ஆண் அவரைக் கேரியரில் உட்காரவைத்து மிதிக்க வேண்டும். இதை மாற்றாமல் எழுத்தறிவுப் பணி நகராது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது.

அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவுத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். பெண்கள் தன்னம்பிக்கை பெறுவது கல்வியின் நோக்கம் என்றால், பிறர் துணையில்லாமல் வெளியே போய்வருவதும் அதில் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெண் தொண்டர்கள் வண்டி வாங்க வங்கிக் கடன் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொறுப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. முதலில் தொண்டர்கள் கற்றார்கள். அவர்கள் ஓட்டிவருவதைப் பார்த்துப் படிக்க வந்த பெண்கள் தங்களுக்கும் கற்றுத்தரும்படி கேட்டார்கள். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், செயற்கைக் கல் பட்டை தீட்டுபவர்கள், கிராம செவிலியர், அங்கன்வாடி மற்றும் சத்துணவுப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பட்டியல் நீண்டது.

பயிற்சி பெரும்பாலும் ஊர்ப் பொட்டலில், பலர் கூடி நடந்தது. கீழக்குறிச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த முகாமுக்குப் பெண்கள் நல்ல உடை உடுத்தி, திருவிழாவுக்கு வருவதுபோல வந்ததைச் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். சைக்கிள் கற்க அழைக்கும் பாட்டு ஒன்றும் இயக்கத்துக்கென எழுதப்பட்டு எல்லா முகாம்களிலும் பாடப்பட்டது. 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள், ஹாண்டில் பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். அறிவொளி நடத்திய போட்டிகளிலும் காட்சிகளிலும் 70,000க்கும் அதிகமான பெண்கள் ஓட்டிக்காட்டினார்கள்.

இந்த ஆரவாரத்தை அரசு விழாவின் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. தனியாக ஒரு பெண் சைக்கிளில் தெருவில் போனால் ஆபாசமாகப் பேசினார்கள். நடத்தையைக் குறை சொன்னார்கள். ஆரம்பத்தில் தொண்டர்கள் இதையெல்லாம் கேட்க வேண்டியிருந்தது. நூறு பேர் சேர்ந்து போகும்போது பேசுபவருக்குத்தான் கூச்சம் வரும். விழுவதும் அப்படியே. எல்லாரும் விழுகிற இடத்தில் ஒருத்தி விழுந்தது செய்தியாகாது. சிறுவர்களுக்கு விளையாட்டுத் திடல் கொடுத்த அதே பாதுகாப்பை, முப்பது வயதுக்காரிக்கு முகாம் கொடுத்தது. மாவட்ட நிர்வாகம் முன்னால் நின்றதால், வீட்டு ஆண்கள் தடுப்பதும் கடினமாயிற்று.

வண்டி யாருடையது

ஓராண்டில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 விழுக்காட்டுக்கு மேல் கூடியதாகப் புதுக்கோட்டை விற்பனையாளர் ஒருவர் சாய்நாத்திடம் சொன்னார். அதுவும் முழுக் கணக்கு அல்ல. லேடீஸ் வண்டி கிடைக்காதபோது பெண்கள் குறுக்கு பார் உள்ள ஜென்ட்ஸ் வண்டியையே வாங்கினார்கள். சிலர் விரும்பியே அதை எடுத்தார்கள், ஏனென்றால் அந்தப் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். பெண்களுக்கென உருவாக்கப்பட்ட வடிவத்தைவிட, பிள்ளையோடு வேலைக்குப் போகிறவளுக்கு ஆணுக்கான வடிவமே உதவியாக இருந்தது. இது வண்டி வடிவமைத்தவர்கள் யோசித்த விஷயமாகத் தெரியவில்லை.

முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் அல்லது விற்பனைக்கான காய்கறி. இப்படிப் போகும் பெண்கள் புதுக்கோட்டைச் சாலைகளில் வழக்கமான காட்சியானார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிஞ்சியது. பொருள் விற்பவர்கள் கூடுதல் ஊர்களுக்குப் போக முடிந்தது. வேலை குறைந்தது என்று சொல்ல முடியாது. தண்ணீரும் விறகும் பிள்ளையும் அவள் பொறுப்பாகவே நீடித்தன, வேகம் மட்டும் கூடியது. ஆனால் இதைப் பொருளாதார லாபமாக மட்டும் அளப்பதைச் சாய்நாத் ஏற்கவில்லை. தன் விருப்பப்படி கிளம்ப முடிகிறது என்பதைத்தான் பெண்கள் அவரிடம் திரும்பத் திரும்பப் பேசினார்கள்.

இயக்கத்தின் பலவீனம் விலையில் இருந்தது. 1995 ஏப்ரலில் சாய்நாத் மீண்டும் சென்றபோது ஆர்வம் தணியவில்லை, ஆனால் வண்டி விலை 1400 ரூபாயாகியிருந்தது. பலரால் வாங்க முடியவில்லை. ஓட்டத் தெரிந்தும் வண்டி இல்லாதவள், கணவர் அல்லது மகன் எடுத்துப்போகாத நேரத்தில் மட்டுமே ஓட்ட முடியும். கடன் ஏற்பாடு தொண்டர்களுக்குக் கிடைத்த அளவுக்குப் படிக்க வந்த பெண்கள் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. திறமையை ஒரு லட்சம் பேருக்குத் தர முடிந்த இயக்கத்தால் உடைமையைத் தர முடியவில்லை. கற்ற வித்தை மறக்காது என்பது சைக்கிளைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அது பயன்படுவது வீட்டுச் சைக்கிள் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

பின்னர்

1996இல் இந்த இயக்கத்தைப் பற்றி இரண்டு நூல்களில் பதிவு வந்தது. சாய்நாத்தின் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' அவற்றில் ஒன்று. மற்றொன்று பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து எழுதிய 'லிட்டரசி அண்ட் எம்பவர்மென்ட்'. சாய்நாத்தின் கட்டுரை இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றது. வட இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் பலர் புதுக்கோட்டை என்ற ஊரை அறிந்தது அந்தப் பாடத்தின் வழியாகத்தான்.

தமிழ்நாடு அரசு 2001-02இல் பதினோராம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் கொடுத்தது. அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாகக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு 2017இல் காட்டியது. புதுக்கோட்டையில் எட்டாமல் போன உடைமை இத்திட்டங்களில் கிடைத்தது. ஆனால் இவை மாணவியருக்கானவை. பள்ளிக்கே போகாத, வயது வந்த பெண்ணை மையமாக வைத்த சைக்கிள் திட்டம் அதே அளவில் மீண்டும் வரவில்லை.

அவளுடைய பாதை வேறு வண்டிக்குத் திரும்பியது. புதுக்கோட்டை அறிவொளிப் பெண் தொண்டர்களுக்கு யுனிசெப் 50 மொபெட்டுகள் வழங்கியிருந்தது. ஓசூரில் 1980இல் தயாராகத் தொடங்கிய டி.வி.எஸ். 50, அதற்குப் பின் கியர் இல்லாத ஸ்கூட்டிகள் ஆகியவை மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சாலைகளில் பெண்களின் வண்டிகளாயின. சைக்கிளில் சமநிலை பழகியவருக்கு அவற்றை ஓட்டச் சில நாட்கள் போதும். 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியமாகத் தரும் மாநிலத் திட்டம் தொடங்கியது. அதற்கு ஓட்டுநர் உரிமமும் மீதித் தொகையும் வேண்டியிருந்தன. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து நிற்கும் சாலைக்கும் கண்மாய்க்கரை ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை இன்றும் பலர் நடந்துதான் கடக்கிறார்கள்.