மறந்த ஒலிகளின் மறுவாழ்வு

பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷாஃபர், ரயில் எஞ்சின்களின் ஓசையைப் பதிவுசெய்து, அதை வெட்டியும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டும் 1948இல் ஓர் இசைப்படைப்பை உருவாக்கியபோது, பதிவான ஓசையையே மூலப்பொருளாகக் கொள்ளும் ‘மியூசிக் கான்க்ரெட்’ என்னும் மரபு தோன்றியது. ஆயினும், ஒலிப்பதிவுக் கூடம் வாய்க்கப்பெற்ற சிலருக்கே அது நெடுங்காலம் உரியதாக இருந்தது. 2005இல் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழக ஆய்வுக்குழு தொடங்கிய ‘ஃப்ரீசவுண்ட்’ என்னும் பொது ஒலிக்களஞ்சியம் அந்த எல்லையைத் தகர்த்தது. யாரோ பதிவுசெய்து கணினியில் மறந்துபோன மழையோசையையும் கதவின் கிறீச்சொலியையும், தனித்தனியே அனுமதி கோராமல் பிறர் எடுத்தாள வழிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் அது வழங்கியது. இங்கே சட்ட ஏற்பாடே கலைக்கு அடித்தளமாயிற்று என்பது போதிய அளவு பேசப்படாத உண்மை. ஒரு பதிவிலிருந்து மற்றொன்று பிறந்த வழியையும் அக்களஞ்சியம் குறித்துவைப்பதால், ஒருவரையொருவர் அறியாத பலர் ஓர் ஓசையை உருமாற்றிய வரலாற்றைப் பின்தொடர முடிகிறது.