மூழ்கிய வீடு

அடகு வைத்த நகையை உரிய காலத்தில் திருப்ப இயலாமற் போனால், "நகை மூழ்கிவிட்டது" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். நகையைப் போலவே வீடும் மூழ்குவதுண்டு. ஆங்கிலேயர் இதனை "ஃபோர்க்ளோஷர்" என்பர். வெளியே நிறுத்திக் கதவை அடைத்துவிடுதல் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். நாம் நீரில் அமிழ்ந்ததாகக் கருதுகிறோம். அவர்கள் கதவு அடைபட்டதாகக் கருதுகிறார்கள். இனி மீட்க வழியில்லை என்பதே இரண்டின் கருத்தும்.

நேயர்களே, இவ்வாறு மூழ்கும் வீடுகளை ஏலத்திற்கு விடுவதாக வங்கிகள் செய்யும் விளம்பரங்களை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். போய்ப் பார்த்தால் விலை குறைவாக இருக்கும். வீடோ பெரும்பாலும் பழுதாக இருக்கும். சுவரில் ஓதம் ஏறியிருக்கும்; கூரை ஒழுகும்; உத்திரத்தில் கறையான் புற்று வைத்திருக்கும். நேற்றுவரை ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு ஏன் இவ்வாறு சீர்குலைந்து கிடக்கிறது? இவ்வினாவுக்குக் கொத்தனார் சொல்லும் விடை பாதிதான். மீதி விடை, கடனுக்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய சட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது.

நம் நாட்டில் வீட்டையும் நிலத்தையும் ஈடாக வைக்கும் முறைகள் பழமையானவை. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே கூறுகிறேன். ஒன்று ஒற்றி. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டைத் தம் கையில் வைத்து அனுபவிப்பார். பணம் திரும்பியதும் வீட்டை ஒப்படைப்பார். மற்றொன்று நிபந்தனைக் கிரயம். கடன் வாங்குகிறவர் வீட்டை விற்றுவிட்டதாகவே பத்திரம் எழுதிக் கொடுப்பார். குறித்த நாளில் பணத்தைத் திருப்பினால் அக்கிரயம் செல்லாது. நாள் தவறினால் கிரயம் உறுதியாகிவிடும். நூறு ரூபாய்க் கடனுக்கு ஆயிரம் ரூபாய் வீடு போய்விடலாம்.

இந்த இரண்டாம் முறையின் கடுமையைத் தணிக்க வங்காளத்தில் 1806-ஆம் ஆண்டு 17-ஆம் ஒழுங்குவிதி வகுக்கப்பட்டது. கடன்பட்டவருக்கு ஓராண்டு சலுகைக் காலம் அதனால் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய விதி இல்லை. எனினும் 1858-ஆம் ஆண்டு முதல் சென்னை சதர் நீதிமன்றம் புதிய வழியொன்றை மேற்கொண்டது. பத்திரத்தில் கெடு முடிந்தால் கிரயம் என்று எழுதியிருந்தாலும், அது கடனுக்கு ஈடாக எழுதப்பட்டதென்றால், கெடு கடந்த பின்னும் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்று அது தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் வளர்த்த நியாய நெறி அது.

ஆனால் 1870-இல் லண்டன் பிரிவி கவுன்சில், சென்னையிலிருந்து சென்ற பட்டாபிராமய்யர் வழக்கில், இதனை ஏற்க மறுத்துவிட்டது. இங்கிலாந்தின் நியாய நெறி இந்நாட்டின் பழைய சட்டத்தில் இல்லை. பத்திரத்தில் எழுதியபடியே நடக்கவேண்டும் என்பது அதன் முடிவு. அடுத்த சில ஆண்டுகளில், தம்புசாமி முதலியார் வழக்கில், அதே கவுன்சில் இச்சிக்கலை மீண்டும் ஆராய்ந்தது. முன்னைய முடிவைக் கைவிடாவிட்டாலும், 1858-க்குப் பின் எழுதப்பட்ட பத்திரங்களின் நிலை வேறாக இருக்கலாம் என்பதைக் குறிப்பிட்டு, இதற்குச் சட்டமியற்றுதல் நல்லது என்றும் கருத்துரைத்தது.

அவ்வாறு வந்ததே 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம். அதன் 60-ஆம் பிரிவு, கடன்பட்டவரின் மீட்கும் உரிமையை எழுத்தில் பொறித்தது. ஒருமுறை அடமானம் என்றால் என்றும் அடமானமே. பத்திரத்தில் எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்ற கோட்பாடு இங்கு நிலைபெற்றது. கடன் கொடுத்தவர் வீட்டைத் தமக்கே ஆக்கிக்கொள்ளும் வழியும் குறுகியது. பெரும்பாலும் நீதிமன்றத்தின் மூலம் விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளும் வழியே அவருக்கு விடப்பட்டது. கடனுக்கு மேற்பட்ட விற்பனைத் தொகை வீட்டுக்காரரைச் சேரும். நூறு ரூபாய்க்கு ஆயிரம் ரூபாய் வீட்டை இழக்கும் கொடுமை இதனால் பெரிதும் தணிந்தது.

இனி, அதே சட்டத்தின் மற்றொரு பிரிவைப் பார்ப்போம். வழக்கறிஞர் அல்லாதோர் அதனை அதிகம் அறியார். 66-ஆம் பிரிவு, அடமானம் வைத்தவர் தம் கையிலுள்ள வீட்டைப் பழுதடைய விட்டுவிட்டால் அதற்காகக் கடன் கொடுத்தவருக்குப் பொறுப்பாகமாட்டார் என்கிறது. ஈடு போதாத நிலையில் அவர் வீட்டை இடித்து அழிக்கக்கூடாது, அவ்வளவே. காரை உதிர்வதையும் ஓடு நழுவுவதையும் பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஒற்றிக்கு எடுத்தவரின் நிலை வேறு. 76-ஆம் பிரிவின்படி அவர் இன்றியமையாத பழுதுகளைப் பார்க்கவேண்டும். அதுவும் வீட்டின் வருமானத்திலிருந்து செய்ய இயன்ற அளவுக்கே.

சட்டம் இங்கே மனித இயல்பை அறிந்து பேசுகிறது. கடனில் மூழ்குகிறவரிடம் சுவருக்குப் பூச்சு பூசு என்று எவ்வாறு கட்டளையிடுவது? பணம் கொடுத்தவருக்கோ வீடு தம்முடையதன்று. வாங்கப்போகிறவர் இன்னும் வரவில்லை. ஆகவே கடனுக்கும் ஏலத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் வீடு உடையவன் இருந்தும் இல்லாத பொருளாகிறது. வழக்கு நீளுமளவுக்குப் பழுதும் வளரும். மீட்பு வழக்குத் தொடுக்க 1908-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 60 ஆண்டு இடம் தந்தது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 30 ஆண்டாகக் குறைத்தது. ஒற்றியைப் பொறுத்தவரை அந்த 30 ஆண்டும் ஒற்றி எழுதிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாக்கியது.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் நீதிமன்ற ஏலத்தின் ஒழுங்குகளைத் தொகுத்துரைத்தது. தண்டோரா போட்டு அறிவிக்கவேண்டும். சொத்தின் மீதுள்ள வில்லங்கத்தை அறிவிப்பில் காட்டவேண்டும். ஏலம் எடுத்தவர் விலையில் 25 விழுக்காட்டை உடனேயும், எஞ்சியதை 15 நாளுக்குள்ளும் கட்டவேண்டும். ஏலம் முடிந்த பின்னும் வீட்டுக்காரருக்கு ஒரு கதவு திறந்திருந்தது. குறித்த நாளுக்குள் அவர் கடன் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு ஆறுதலாக விலையில் 5 விழுக்காட்டையும் கட்டினால், ஏலம் நீக்கப்படும். தொடக்கத்தில் இதற்கு 30 நாள் தரப்பட்டது. பின்னர் அது 60 நாளாயிற்று.

1938-இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இன்னும் ஒரு படி முன் சென்றது. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முன் விவசாயிகள் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் நாளன்று நிலுவையாக நின்ற வட்டி முழுவதையும் அது நீக்கிற்று. அசலைப் போல இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. ஏலத்தை நோக்கிச் சென்ற வீடுகளும் நிலங்களும் பல இதனால் திரும்பி வந்தன.

2002-ஆம் ஆண்டு காற்று எதிர்த்திசையில் வீசியது. வராக்கடன் பெருகிய வங்கிகளுக்கு உதவியாக, "சர்ஃபேசி" என்று சுருக்கமாக வழங்கும் சட்டம் வந்தது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலே, 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, வீட்டைத் தம் பொறுப்பில் எடுத்து விற்கும் அதிகாரத்தை அது வங்கிகளுக்கு அளித்தது. விவசாய நிலம் இதிலிருந்து விலக்கப்பட்டது. இதனை எதிர்த்து முறையிட விரும்புவோர் கடன் தொகையில் 75 விழுக்காட்டை முன்னதாகக் கட்டவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்திருந்தது. 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதியை மட்டும் செல்லாதென நீக்கி, சட்டத்தின் பிற பகுதிகளை நிலைநிறுத்தியது. 2016-இல் செய்த திருத்தம் மீட்கும் உரிமைக்கு எல்லை வகுத்தது. ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன் பணம் கட்டினால்தான் வீடு மீளும். 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது.

நான் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் இத்தகைய வீடொன்றை வங்கி ஏலத்தில் வாங்கினேன். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் அவ்வீட்டுக்காரரைச் சந்தித்தேன். கடனைத் தீர்த்து மீட்க வழியேதும் உண்டா என்று கேட்டேன். "எல்லாம் முயன்று பார்த்தாயிற்று, சார். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், வீடாவது நிற்கும்" என்றார். முற்றத்தில் பெயர்ந்து கிடந்த காரையை நான் பார்ப்பதைக் கவனித்து, "நமக்கு நிலைக்குமோ நிலைக்காதோ என்றிருக்கும் வீட்டுக்கு யார் சார் பூச்சு பூசுவார்கள்?" என்றும் சொன்னார். அவர் 66-ஆம் பிரிவைப் படித்தவர் அல்லர். ஆயினும் அதன் உட்பொருள் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் எனக்கு விளங்கவைத்துவிட்டார்.

அவ்வீட்டில் இரண்டு பழுதுகள் இருந்தன. ஒன்று ஏட்டில், மற்றொன்று சுவரில். முதலில் ஏட்டைப் பார்த்தேன். முப்பதாண்டு வில்லங்கச் சான்று பெற்று, மூலப் பத்திரங்களின் தொடர்ச்சியை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். வங்கியின் அறிவிப்பில், "உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்" விற்கப்படுகிறது என்ற சொற்றொடர் இருந்தது. இச்சொற்றொடரை எளிதாக எண்ணிவிடலாகாது. பழைய உடைமையாளர் விட்டுச்சென்ற மின்கட்டண நிலுவையை, விதிமுறைகள் இடம் தரும் இடத்தில், ஏலம் எடுத்தவரிடமிருந்தே கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் நினன் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மின்கட்டணம், வீட்டுவரி, குடிநீர் வரி ஆகியவற்றின் பாக்கியைக் கேட்டறிந்து, அத்தொகையையும் விலையோடு சேர்த்தே கணக்கிட்டேன். வீடு வங்கியின் பொறுப்பில் வெற்று ஏட்டளவில் இருக்கிறதா, அன்றிக் காலியாகிச் சாவி அவர்கள் கையில் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற்றேன்.

அடுத்து சுவர். அது பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம். தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த தளம். இத்தகைய வீட்டில் எல்லாப் பழுதுக்கும் மூலம் நீர்தான். ஆகவே முதலில் மழைநீர்க் குழாய்களைச் செப்பனிட்டுத் தளத்தின் ஒழுக்கை நிறுத்தினோம். பிறகு கறையான் அரித்த இரண்டு விட்டங்களை மாற்றினோம். சுண்ணாம்புச் சுவரின் மேல் யாரோ இடையில் சிமென்ட் பூசியிருந்தார்கள். உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியின்றி அதனால்தான் ஓதம் மேலேறியிருந்தது. அதைக் கொத்தி எடுத்து மீண்டும் சுண்ணாம்புக் காரையே பூசினோம். வெள்ளையடித்தது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

வேலை நடந்த நாட்களில் ஒன்று எனக்குப் புலப்பட்டது. மீட்கும் உரிமை நீளும் அளவுக்கு வீடு சிதையும். அவ்வுரிமை குறுகும் அளவுக்கு மனிதன் சிதைவான். 1858 தொடங்கி இன்றுவரை நம் சட்டம் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று வழி தேடிக்கொண்டிருக்கிறது. கடன் கொடுத்த வங்கியில் இருப்பதும் பொதுமக்களின் சேமிப்பே; அது திரும்பவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் ஏல அறிவிப்பு வந்த நாளோடு மீட்கும் கதவை அடைத்துவிடுதல் சற்றுக் கடுமையானதென்றே கருதுகிறேன். பழைய சட்டம் ஏலத்துக்குப் பின்னும் சில நாள் இடமளித்து, எடுத்தவருக்கு 5 விழுக்காடும் தரச்செய்தது. அம்முறையில் எவருக்கும் பெரிய நட்டம் இல்லை.

சட்டம் மாறுமோ மாறாதோ, இன்று கடன் தவணை தவறியிருப்போர் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். வங்கியின் 60 நாள் அறிவிப்பைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிடுவது பலருடைய வழக்கம். மீட்பதற்குரிய காலம் அந்தக் காகிதம் வந்த நாளிலிருந்தே கழிந்துகொண்டிருக்கிறது. அன்றே வங்கிக்குச் செல்லுங்கள். எழுத்தில் மறுமொழி கொடுங்கள். வீட்டின் மேல் நடவடிக்கை தொடங்கிவிட்டால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை நாடலாம் என்பதையும் அறிந்திருங்கள். ஏலத்தில் வாங்க விரும்புவோரும், விளம்பரத்தில் உள்ள விலையைப் பார்ப்பதோடு நில்லாமல், அவ்வீட்டின் வாயிலுக்கு ஒருமுறை சென்று, அதில் வாழ்பவரோடு இரண்டு சொல் பேசிவிட்டு விண்ணப்பம் கொடுப்பது நலம்.