உச்சிக்குழி மறைத்த நோய்

மூளைக்கட்டி என்றதும் தலைவலியையும் காலை வாந்தியையும் பார்வை மங்குவதையும் எதிர்பார்க்கும் வழக்கம், வளர்ந்தவர்களைப் பார்த்தே உருவானதாகும். கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இறுகாமலும், உச்சிக்குழி மூடாமலும் இருப்பதால், உள்ளே கட்டி வளர்ந்து அழுத்தம் கூடினாலும் மண்டையோடு விரிந்து இடங்கொடுத்துவிடுகிறது. வலியைச் சொல்லவும் அறியாத அக்குழந்தையின் நோய், தலையை விட்டு வயிற்றிலும் கண்ணிலும் கழுத்திலும் தன்னைக் காட்டியதால், அதன் வரலாற்றின் பெரும்பகுதி வேறு நோய்களின் பெயரில்தான் கழிந்திருக்கிறது.

இத்தகைய மாறுவேடங்களுள் மிகவும் விந்தையானதை 1951-இல் பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஏ. ரஸ்ஸல் விவரித்தார். மூளையின் அடிப்பகுதியில் பசி, உடல்வெப்பம் முதலியவற்றை ஆளும் ஹைபோதலாமஸை ஒட்டி, மெல்ல வளரும் கட்டி தோன்றிய குழந்தைகள், பால் குடிப்பதில் குறையேதும் இல்லாதிருந்தும் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு முழுவதும் கரைந்து, விலா எலும்புகள் தெரிய மெலிந்தனர். ஆயினும் நீளம் வயதுக்கேற்ப வளர்ந்தது, கண்களில் துறுதுறுப்பு இருந்தது, எவரைக் கண்டாலும் முகமலர்ந்து சிரித்தனர். டையன்செபாலிக் நோய்க்குறித்தொகுதி என்று இன்று வழங்கும் இந்நிலை கொடியது, ஏனெனில் சிரிக்கும் குழந்தையை நோயாளியாக நினைக்க எவருக்கும் மனம் வருவதில்லை. மெலிந்த பிள்ளையைச் சவலை என்றும் மாந்தம் என்றும் கருதிப் பழகிய தமிழ்நாட்டுத் தாய்மாரை இதற்காகக் குறைகூறவும் முடியாது. தேர்ந்த மருத்துவர்களே குடலைத்தான் முதலில் சோதித்தார்கள்.

பார்வைநரம்புக் கட்டி விழிகளை ஓயாது துடிக்கச் செய்து தலையையும் ஆட்டுவிக்கும்போது, தானே மறையும் தலையாட்ட நோய் என்று அதை எண்ணிவிட வாய்ப்புண்டு. பின்மூளைக் கட்டியால் கழுத்து ஒருபுறம் சாய்வது, வெறும் தசைப்பிடிப்பாகத் தோன்றும்.

ஐயம் எழுந்தாலும் அதை உறுதிசெய்யும் வழி எளிதாக இருக்கவில்லை. 1918-இல் வால்டர் டாண்டி வகுத்த முறைப்படி, மூளையின் நீரறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, நிழலின் கோணலிலிருந்து கட்டியின் இடத்தை ஊகித்தனர். கைக்குழந்தைக்கு ஊசி உச்சிக்குழியின் வழியாகவே இறங்கியது, அதாவது நோயை மறைத்த இடமே அதைக் காணும் வாயிலும் ஆயிற்று. 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கியபோது, கையிலிருந்தவை இத்தகைய முறைகளே. 1971-இல் லண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்ட பின்னரே, மண்டையைத் துளைக்காமல் மூளைத்திசுவையே படத்தில் காண வழி பிறந்தது.

இத்தகைய மருத்துவம் எட்டுவதும் ஊர் இருக்கும் இடத்தைப் பொறுத்ததே. எடுத்துக்காட்டாக, ஓசூரை அடுத்த எல்லையூரான பாகலூருக்கு, வேலூரையும் சென்னையையும்விட அருகிலிருப்பது பெங்களூரு. அந்நகரின் ஓசூர் சாலையில், அனைத்திந்திய மனநல நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974-இல் இணைந்து நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனம் உருவானதால், இப்பகுதியினருக்கு நரம்பு அறுவை மருத்துவம் பக்கத்து மாநிலத்தில் எட்டும் தொலைவில் அமைந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், குழந்தைகளின் எடையைக் குறித்துவைக்கும் வழக்கத்தை அங்கன்வாடிகளின் வழியாகக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. ரஸ்ஸல் விவரித்த நோயில் எடைக்கோடு சரிய, உயரக்கோடு மட்டும் ஏறிக்கொண்டே போகும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தலைச்சுற்றளவையும் நாடாவால் அளந்தால், ஸ்கேன் அறைக்கு வெகு முன்பே, ஊரிலேயே ஐயம் எழ இடமுண்டு.