இனவரைவியல் திரைப்பட விழாவும் மரபறிவும்

இனவரைவியல் திரைப்பட விழாக்களின் வரலாற்றில், பாரிசில் 1982ஆம் ஆண்டு ழான் ரூச் தொடங்கிய விழா குறிப்பிடத்தக்கது. அவ்விழாக்கள் யாரை முதற் பார்வையாளராகக் கொள்ள வேண்டும் என்ற வினாவுக்கு, அவரது முந்தைய படமொன்று விடை தருகிறது.

நைஜர் ஆற்றில் சொர்க்கோ மக்கள் நிகழ்த்திய நீர்யானை வேட்டையை ரூச் 1951இல் படமாக்கினார். பின்னர் அதனை அயோரு ஊராருக்கே திரையிட்டுக் காட்டினார். வேட்டைக் காட்சியில் சேர்க்கப்பட்டிருந்த இசையை அவர்கள் ஏற்கவில்லை. அது அவர்தம் வேட்டை மெட்டே ஆயினும், ஒலி கேட்டால் விலங்கு தப்பிவிடும் என்றனர். அதன்பின் இசையைக் கையாளுவதில் ரூச் மிகுந்த கவனம் கொண்டார்.

மரபு என்பது சடங்கும் கருவியும் மட்டுமன்று. ஆற்றையும் விலங்கையும் கூர்ந்துணர்ந்த அறிவுமாகும். அவ்வறிவுக்கு முரணானதை அம்மக்களே முதலிற் கண்டனர். ஆகவே, படமாக்கப்பட்டோருக்குப் பார்வையாளராக இடமளிக்காத விழா மரபைக் காட்டுமேயன்றிக் காக்காது என்பது நம் துணிபு.